வயதான பூனைக்குத் தீராத வயிற்றுக் கோளாறு: வீட்டில் கவனிக்கும் முறை

பத்து வயதைத் தாண்டிய பூனை வாரம் ஒருமுறை வாந்தி எடுத்தால், பல வீடுகளில் "முடி உருண்டைதான்" என்பார்கள்; இல்லாவிட்டால் "வயசாயிடுச்சு" என்பார்கள். இரண்டையும் காரணமாக ஏற்காதீர்கள். முடியை விழுங்குவது எல்லாப் பூனைக்கும் உள்ள வழக்கம். குடல் சரியாக இயங்கினால் அந்த முடி மலத்தோடு போய்விடும். அடிக்கடி மேலே வருகிறதென்றால் குடலின் இயக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். வாந்தி, கழிச்சல், மலச்சிக்கல், பசிக்குறைவு, எடை குறைவு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, விட்டு விட்டு வந்தாலோ அது நாள்பட்ட கோளாறு.

இத்தகைய கோளாறுகளில் பலவற்றை முழுவதும் குணமாக்க முடியாது. கட்டுக்குள் வைக்கலாம். கட்டுக்குள் வந்த பூனைகள் ஆண்டுக்கணக்கில் நன்றாக இருக்கும். கவனிப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: ஒரே வாரத்தில் உணவை மாற்றி, புது மாத்திரை தொடங்கி, புரோபயாட்டிக்கும் சேர்த்துவிடுவது. பூனை தேறினாலும் மோசமானாலும் எதனால் என்று சொல்ல வழியிருக்காது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதன் பலனை அளந்து எழுதிய பிறகு அடுத்தது. கீழே சொல்லும் எல்லாமே இந்த முறையில் செய்தால்தான் பயன் தரும்.

தராசும் நோட்டும்

முதல் செலவு ஒரு தராசுக்கு. குழந்தைகளை நிறுக்கும் டிஜிட்டல் தராசு, 10 கிராம் வரை காட்டுவதாக இருந்தால் நல்லது. பூனையைத் தூக்கிக்கொண்டு நாம் ஏறி நிற்கும் தராசு 100 கிராம் முன்னே பின்னே காட்டும். இந்த வேலைக்கு உதவாது. வாரம் ஒருமுறை, அதே நாளில், காலை உணவுக்கு முன் நிறுங்கள். 4 கிலோ பூனை 200 கிராம் இழப்பது, 60 கிலோ மனிதர் 3 கிலோ இழப்பதற்குச் சமம். நாமாக எதையும் மாற்றாதபோது 5 சதவீதம் குறைந்தால் மருத்துவரிடம் பேசுங்கள். 10 சதவீதம் குறைந்தால் உடனே காட்டுங்கள்.

கண்ணை நம்பாதீர்கள். ரோமம் மெலிவை மறைத்துவிடும். தொங்கும் வயிறு அப்படியே இருக்க, முதுகுச் சதை மட்டும் முதலில் கரையும். முதுகெலும்பின் இரு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள். எலும்பு மணி மணியாகத் தட்டுப்பட்டால் தசை போய்க்கொண்டிருக்கிறது.

நோட்டில் தினமும் எழுத வேண்டியவை: எத்தனை கிராம் சாப்பிட்டது, வாந்தி உண்டா, சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து, அதில் என்ன இருந்தது, மலம் எத்தனை முறை, எப்படி, என்ன மருந்து கொடுத்தோம். மலத்துக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் போடுங்கள். 1 என்றால் ஆட்டுப் புழுக்கை போல் உலர்ந்தது. 2, 3 நல்ல உருவம். 5க்கு மேல் குழைவு. 7 என்றால் தண்ணீர். மருத்துவருக்குப் பெயரடைகளைவிட இந்த எண்கள் அதிகம் சொல்லும்.

கழிச்சலில் இரண்டு வகை உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, நிறைய அளவில், கூடவே எடை குறைவு என்றால் சிறுகுடல் கோளாறு. கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை, முக்கல், சளி, சிவப்பு இரத்தம், எடை மட்டும் அப்படியே என்றால் பெருங்குடல். தார் போல் கருப்பாக இருந்தால் வயிற்றிலோ சிறுகுடலிலோ இரத்தம் கசிகிறது. அது அன்றே காட்ட வேண்டியது.

வாந்தியை ஒருமுறையாவது போனில் வீடியோ எடுத்து வையுங்கள். வயிறு குலுங்கி வெளியே வருவதுதான் வாந்தி. வயிறு அசையாமல், சாப்பிட்டது குழாய் வடிவில் அப்படியே வழுக்கி வந்தால் அது எதுக்களிப்பு; கோளாறு உணவுக்குழாயில் இருக்கும். தரையோடு பதுங்கிக் கழுத்தை நீட்டி இழுத்து, கடைசியில் ஒன்றும் வராவிட்டால் அது இருமலாக இருக்கலாம். வீசிங் உள்ள பூனைகளுக்கு முடி உருண்டை மருந்து கொடுத்தே மாதங்கள் ஓடிவிடுவதுண்டு.

வீட்டில் பல பூனைகள் இருந்து யாருடைய மலம் என்று தெரியாவிட்டால், ஒன்றின் உணவில் மட்டும் குழந்தைகளின் நச்சில்லாத கிரேயானைச் சீவிச் சிறிது கலந்து கொடுங்கள். வண்ணத் துணுக்குகள் மலத்தில் தெரியும்.

மருத்துவரிடம் போகும்போது

வயதான பூனையின் வயிற்றுக் கோளாறு வயிற்றிலிருந்தே வர வேண்டும் என்பதில்லை. தைராய்டு மிகைச் சுரப்பில் பூனை வழக்கத்தைவிட அதிகம் தின்னும், ஆனாலும் மெலியும், வாந்தி எடுக்கும். சிறுநீரகம் தளர்ந்தால் குமட்டலும் மலச்சிக்கலும் வரும். சர்க்கரை, ஈரல், கணையம் ஒவ்வொன்றும் இதே வேடத்தில் வரக்கூடியவை. ஆகவே முதல் சுற்றில் முழு இரத்த எண்ணிக்கை, சிறுநீரகம், ஈரல், சர்க்கரை, பொட்டாசியம், டி4 (தைராய்டு ஹார்மோன்), சிறுநீர், மலம் எல்லாம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மலத்தை ஒரு நாள் மட்டும் கொடுத்தால் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி தப்பிவிடும். அது விட்டு விட்டுத்தான் வெளியேறும். மூன்று நாள் மாதிரிகள், இயன்றவரை புதிதாக, வெயில் படாமல் கொண்டுபோங்கள்.

இரண்டாம் சுற்று பி12, ஃபோலேட், கணையச் சோதனைகள், வயிற்று ஸ்கேன். தமிழ்நாட்டில் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு மருத்துவமனைகள் இருக்கின்றன. இலங்கையில் பேராதனை. உள்ளூரில் ஸ்கேன் வசதி இல்லாவிட்டால் கடிதம் வாங்கிக்கொண்டு அங்கே போகலாம்.

எல்லாச் சோதனையிலும் வேறு நோய் இல்லையென்று ஆன பிறகு வயதான பூனையில் மிஞ்சுவது பெரும்பாலும் இரண்டு: குடல் அழற்சி நோய், அல்லது மெதுவாக வளரும் சிறுசெல் லிம்ஃபோமா என்ற புற்றுநோய். ஸ்கேனில் இரண்டுமே குடல் சுவர் தடித்துத் தெரியும்; பிரித்துச் சொல்லத் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். உடல்நிலையோ செலவோ இடம் கொடுக்காமல் திசு எடுக்காமலே மருந்து தொடங்குவதும் உண்டு; அது தவறில்லை, ஏனெனில் இரண்டுக்கும் முதல் மருந்து பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டுதான். ஆனால் அந்த முடிவை ஸ்டீராய்டு தொடங்குமுன் எடுங்கள். மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த திசு சரியான விடை தராமல் போகலாம். சிறுசெல் லிம்ஃபோமா என்றே வந்தாலும் மனம் உடைய வேண்டாம். மாத்திரைகளாலேயே பல பூனைகள் இரண்டு ஆண்டு, அதற்கு மேலும் நல்ல நிலையில் இருக்கின்றன.

உணவுச் சோதனை

நிலைமை அவசரமாக இல்லாவிட்டால் மருந்துக்கு முன் உணவுச் சோதனை. நாள்பட்ட வாந்தியும் கழிச்சலும் உள்ள பூனைகளில் கணிசமானவை உணவை மாற்றினாலே தேறுகின்றன. தோல் ஒவ்வாமைக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். குடலுக்கு அவ்வளவு வேண்டாம்; இரண்டு, மூன்று வாரத்தில் பதில் தெரிந்துவிடும்.

எந்த உணவு? ஒரு வழி ஹைட்ரோலைஸ்டு உணவு. புரதத்தை உடல் அடையாளம் காணாத அளவுக்குத் துண்டாக்கிச் செய்தது. ராயல் கேனின் ஹைப்போஅலர்ஜெனிக், ஹில்ஸ் இசட்/டி இந்த வகை. இன்னொரு வழி, பூனை இதுவரை தின்றே இராத இறைச்சி. நம் வீட்டுப் பூனைகள் காலமெல்லாம் தின்பது கோழியும் மீனும். பூனைகளுக்கு அதிகம் ஒவ்வாதவற்றில் இந்த இரண்டும் உண்டு, மாட்டிறைச்சியும் உண்டு. எனவே முயல் கிடைத்தால் நல்லது. ஆட்டிறைச்சியை இதுவரை தின்றிராவிட்டால் கொழுப்பு நீக்கி வேகவைத்துக் கொடுக்கலாம். காடையும் வாத்தும் பறவைகள் என்பதால் கோழி ஒவ்வாத பூனைக்கு அவையும் ஒவ்வாமல் போகலாம்.

இந்த நாட்களில் வேறு எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. சோதனை தோற்பது இங்கேதான். பாட்டி வைக்கும் ஒரு கரண்டி பால், பக்கத்து வீட்டு மீன் தலை, சுவையூட்டிய குடற்புழு மாத்திரை, இன்னொரு பூனையின் தட்டில் மிச்சம்: ஒன்று போனாலும் கணக்கு கெடும். வெளியே சுற்றும் பூனையை இந்த வாரங்களில் வீட்டுக்குள்ளேயே வையுங்கள். வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள், வேலைக்கு வரும் அக்காவிடமும்.

புது உணவுக்கு 7 முதல் 10 நாளில் மாறுங்கள்: முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு, பிறகு பாதி, பிறகு முக்கால். மூன்று வார எண்ணிக்கை முழு மாற்றத்துக்குப் பிறகே தொடங்கும். வீட்டில் சமைத்த இறைச்சி மட்டும் என்பது இந்த மூன்று வாரத்துக்கு மட்டுமே தாங்கும். அதில் கால்சியம் இல்லை, டாரின் போதாது. டாரின் குறைந்தால் விழித்திரையும் இதயத் தசையும் கெடும். வீட்டுச் சமையலே தொடர வேண்டுமென்றால் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சேர்மானங்களோடுதான்.

அன்றாடச் சாப்பாடு

ஒரு நாளைக்கு எவ்வளவு தேவை என்று பல வீடுகளில் கணக்கிடுவதே இல்லை. ஓய்வாக இருக்கும் 3 கிலோ பூனைக்குச் சுமார் 160 கிலோ கலோரி, 4 கிலோவுக்கு 200, 5 கிலோவுக்கு 235. மெலிந்த பூனைக்கு இதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு. 85 கிராம் ஈர உணவுப் பாக்கெட் பலவற்றில் 60 முதல் 80 கிலோ கலோரிதான் இருக்கும். அதாவது 4 கிலோ பூனைக்கு மூன்று பாக்கெட். "ஒரு பாக்கெட் தினமும் கொடுக்கிறோமே" என்ற வீட்டில் பூனை மெலிவது நோயால் மட்டும் அல்ல. உலர் உணவில் ஒரு கிராமுக்கு 3.5 முதல் 4 கிலோ கலோரி. உறையில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

12 வயதுக்கு மேல் பல பூனைகளுக்குக் கொழுப்பும் புரதமும் முன்போல் செரிப்பதில்லை. அதற்காகப் புரதத்தைக் குறைத்துச் சாதத்தைக் கூட்டுவது தலைகீழான வைத்தியம். செரிமானம் குறைந்த பூனைக்கு எளிதில் செரிக்கும் புரதம் அதிகம் தேவை. சிறுநீரக நோயும் சேர்ந்திருந்தால் மட்டும் புரதத்தையும் பாஸ்பரஸையும் மருத்துவர் சொல்லும் அளவில் வையுங்கள்.

பால் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது. தயிர்ச் சாதம் வயிற்றை நிரப்பும், உடம்பைத் தாங்காது. கருவாட்டில் உப்பு. பச்சை மீன் சிலவற்றில் தயாமினை (வைட்டமின் பி1) அழிக்கும் நொதி இருக்கிறது. வேகவைத்தால் அது போய்விடும். வேகவைத்தாலும் மத்தி, சூரை போன்ற எண்ணெய் மீனையே முழு உணவாகக் கொடுத்தால் வைட்டமின் ஈ குறைந்து உடற்கொழுப்பு வீங்கி வலிக்கும் நோய் வரலாம். மீன் வாரத்தில் ஓரிரு நாள் சுவைக்காக இருக்கட்டும்.

கழிச்சல் முற்றிய நாட்களில் இரண்டு மூன்று நாளுக்கு எலும்பில்லாத கோழி மார்புச்சதையை உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வேகவைத்துக் கொடுக்கலாம், கோழி ஒத்துக்கொள்ளும் பூனையாக இருந்தால். 4 கிலோ பூனைக்கு வெந்த அளவில் ஒரு நாளைக்கு 120 முதல் 130 கிராம். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். டாரின் அதில்தான் இறங்கியிருக்கும். வெங்காயமும் பூண்டும் சிறு அளவிலும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய கறித்துண்டும் வேண்டாம்.

சாப்பாட்டை நான்கு முதல் ஆறு வேளையாகப் பிரியுங்கள். விடியற்காலையில் மஞ்சள் நுரையாக வாந்தி எடுக்கும் பூனைக்கு இரவு படுக்குமுன் ஒரு சிறு வேளை கொடுத்தால் அது நிற்பதுண்டு. உணவை உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்குங்கள். வயதான பூனைக்கு மூக்கு மங்கியிருக்கும், சூடு வாசனையை எழுப்பும். தட்டையான தட்டில் வையுங்கள். மூட்டு வலி இருந்தால் தட்டை 7 முதல் 10 செ.மீ. உயர்த்துங்கள்.

பசி இல்லாமையும் குமட்டலும் வேறு வேறு. தட்டு வரை ஆசையோடு வந்து, முகர்ந்து, உதட்டை நக்கி, எச்சில் விழுங்கித் திரும்பிப் போகிறதென்றால் குமட்டல். அந்த நேரத்தில் வாயில் ஊட்டினால் அந்த உணவையே பூனை வெறுத்துவிடும். தட்டை எடுத்துவிட்டு மருத்துவரிடம் குமட்டல் மருந்து கேளுங்கள்: மரோபிடன்ட் அல்லது ஒன்டான்செட்ரான். பசியைத் தூண்ட மிர்டாசபின். சிரிஞ்சால் திணிப்பதில் உணவு நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. நாட்கணக்கில் ஊட்ட வேண்டிய நிலை வந்தால் கழுத்து வழியே வைக்கும் உணவூட்டும் குழாயைப் பற்றிப் பேசுங்கள். பார்க்கப் பயமாக இருந்தாலும் பூனைக்கு அதுவே நிம்மதி.

24 மணி நேரம் எதுவும் சாப்பிடாவிட்டால் மருத்துவரை அழையுங்கள். 48 மணி நேரத்தை எந்தக் காரணத்துக்காகவும் தாண்ட விடாதீர்கள். பட்டினி கிடக்கும் பூனையின் உடற்கொழுப்பு ஈரலில் போய்ப் படியும். குண்டான பூனைக்கு இது இன்னும் வேகமாக நடக்கும்.

மாத்திரையும் பி12ம்

பூனையை மேசைமேல் உங்களுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, கன்ன எலும்புகளை மேலிருந்து பிடித்துத் தலையை லேசாக நிமிர்த்துங்கள். நடுவிரலால் கீழ்த்தாடையைத் திறந்து மாத்திரையை நாக்கின் பின்கோடியில் போட்டு வாயை மூடுங்கள். உடனே 5 மி.லி. தண்ணீரைச் சிரிஞ்சால் கன்னத்தின் ஓரமாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இதை விட்டுவிடக் கூடாது. தண்ணீரில்லாமல் போன மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் நிமிடக்கணக்கில் ஒட்டிக் கிடக்கும். டாக்ஸிசைக்ளின், கிளிண்டாமைசின் இரண்டும் அங்கே புண்ணாக்கிக் குழாயைச் சுருக்கிவிடக்கூடியவை.

மனிதர்களுக்கான மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கும்போது அளவை இரண்டு முறை சரிபாருங்கள். மெட்ரோனிடசோல் கடையில் 200, 400 மி.கி.யாகக் கிடைக்கும், 4 கிலோ பூனைக்கு ஒரு வேளைக்கு வழக்கமாக எழுதுவது 40 முதல் 60 மி.கி. உடைத்தால் கசப்பில் நுரை தள்ளும். 4 அல்லது 5ஆம் எண் காலி ஜெலட்டின் கேப்ஸ்யூலில் அடைத்துக் கொடுங்கள். ஒவ்வொரு கழிச்சலுக்கும் இதையே திரும்பத் திரும்ப வாங்கிக் கொடுப்பது குடலிலுள்ள நல்ல கிருமிகளைக் கெடுத்து நோயை இழுத்தடிக்கும்.

பிரெட்னிசோலோன் வேலை செய்யத் தொடங்கியதும் நிறுத்திவிடத் தோன்றும். திடீரென நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லும் அட்டவணைப்படி வாரக்கணக்கில் இறக்க வேண்டும். பெயரும் முக்கியம். பிரெட்னிசோன் வேறு, பூனையின் உடல் அதைச் சரியாக மாற்றிக்கொள்ளாது. ஸ்டீராய்டு ஓடும்போது தண்ணீர் குடிப்பதும் சிறுநீரும் திடீரென்று கூடினால் சர்க்கரை பாருங்கள். லிம்ஃபோமாவுக்குச் சேர்க்கும் குளோராம்புசில் கொடுப்பதாக இருந்தால் கையுறை போடுங்கள், மாத்திரையை உடைக்காதீர்கள், கர்ப்பிணிகள் மாத்திரையையும் அந்தப் பூனையின் மணல் பெட்டியையும் தொட வேண்டாம்.

பி12 தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். சிறுகுடலின் கடைப்பகுதி கெட்டால் அது உறிஞ்சப்படாது. உடலில் பி12 இல்லாவிட்டால் சரியான உணவும் மருந்தும்கூட எடுபடாது. பசி வராது, எடை ஏறாது. வழக்கமான முறை, தோலுக்கடியில் 250 மைக்ரோகிராம் ஊசி, வாரம் ஒன்றாக ஆறு வாரம், பிறகு ஒரு மாதம் கழித்து ஒன்று, அதற்கடுத்து இரத்தத்தில் அளவு பார்ப்பது. ஊசி போட விடாத பூனைக்குத் தினமும் 250 மைக்ரோகிராம் வாய்வழி, 12 வாரம். சோதனை வசதி இல்லாத ஊரில் சோதிக்காமலே தொடங்குவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும் வைட்டமின் இது. பி1, பி6 எல்லாம் கலந்த ஊசிகளில் பி12 அளவு மாறும், எரிச்சலும் கூடும். தனி பி12 கேட்டு வாங்குங்கள்.

புரோபயாட்டிக் நான்கு வாரம் கொடுத்துப் பாருங்கள். நோட்டில் மாற்றம் தெரியாவிட்டால் அந்தப் பணத்தை உணவில் போடலாம்.

மலச்சிக்கல்

இதுதான் அதிகம் தவறவிடப்படுவது, ஏனெனில் சத்தமில்லாமல் வரும். இரண்டு நாள் மலம் இல்லை, அல்லது சின்னச் சின்னக் கல்லாக வருகிறது, பெட்டியை விட்டு இறங்கியதும் வாந்தி எடுக்கிறது: இவை மலச்சிக்கலின் அடையாளங்கள். உள்ளே இறுகிய கட்டியைச் சுற்றி நீர் மட்டும் கசிந்து கழிச்சல் போலத் தோன்றுவதும் உண்டு. அதற்குக் கழிச்சல் மருந்து கொடுத்தால் நிலைமை முற்றும்.

முதலில் ஒன்றை உறுதி செய்யுங்கள். பெட்டியில் உட்கார்ந்து முக்குவது மலத்துக்கா, சிறுநீருக்கா? ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அது அடைப்பு. மணிக்கணக்கில் உயிருக்கு ஆபத்து. மணலில் ஈரக்கட்டி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

வயதான பூனைக்கு மலம் இறுகக் காரணம் பெரும்பாலும் உடலில் நீர் குறைவது. சிறுநீரகம் நீரைத் தக்கவைக்காது, பெருங்குடல் மலத்திலிருந்து கடைசிச் சொட்டையும் உறிஞ்சிவிடும். இரண்டாவது காரணம் மூட்டு வலி. குந்தி உட்கார வலிப்பதால் அடக்கிக்கொள்ளும். அதனால் சிகிச்சை தண்ணீரில் தொடங்க வேண்டும். ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் நீர். உலர் உணவில் பத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு வேளை ஈர உணவிலும் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் கலக்குங்கள். மீசை இடிக்காத அகலக் கிண்ணங்களில், வீட்டில் மூன்று நான்கு இடங்களில் தண்ணீர் வையுங்கள்.

அது போதாவிட்டால் பாலிஎதிலீன் கிளைகால் 3350 பொடி: ஒரு வேளைக்கு எட்டில் ஒரு டீஸ்பூன் முதல் கால் டீஸ்பூன், நாளுக்கு இரு வேளை, ஈர உணவில் கலந்து. உப்புகளும் சுவையும் சேர்க்காத பொடியாக இருக்க வேண்டும். லாக்டுலோஸ் சிரப் ஒரு கிலோவுக்கு 0.5 மி.லி., நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை. ஒட்டும் இனிப்பு என்பதால் பல பூனைகள் ஏற்பதில்லை. சர்க்கரை நோயுள்ள பூனைக்கு மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். எதுவானாலும் மலம் 3, 4 மதிப்பெண்ணுக்கு வரும்வரை இரண்டு நாளுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைத்துச் சரியான அளவைக் கண்டுபிடித்து, அதிலேயே நில்லுங்கள். நிறுத்தினால் திரும்பி வரும்.

இசப்கோல் கால் டீஸ்பூனை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் ஊறவைத்து உணவில் கலக்கலாம். லேசான சிக்கலுக்கு நன்றாக வேலை செய்யும். உடலில் நீர் வற்றிய பூனைக்கும், பெருங்குடல் விரிந்து தளர்ந்துவிட்ட பூனைக்கும் கொடுக்காதீர்கள். உள்ளே சிமென்டாக இறுகும். பரங்கிக்காய் விழுது ஒன்றிரண்டு டீஸ்பூன் கெடுதல் செய்யாது, பெரிய பலனும் எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டில் எனிமா வேண்டவே வேண்டாம். மனிதர்களுக்கான சோடியம் பாஸ்பேட் எனிமா பூனையைக் கொன்றுவிடும். வாய்வழி திரவ பாரஃபின் சுவையற்றது. விழுங்கும் உணர்வைத் தூண்டாமல் நுரையீரலுக்குள் நழுவும். விளக்கெண்ணெயும் கூடாது.

மணல் பெட்டியும் சுத்தமும்

பெட்டியின் ஒரு பக்கத்தை 7, 8 செ.மீ. உயரத்துக்கு வெட்டி விளிம்பைத் தேய்த்து மழுக்குங்கள். நீளம் பூனையைப் போல ஒன்றரை மடங்கு. மாடி வீடென்றால் ஒவ்வொரு தளத்திலும் ஒன்று. பெட்டிக்கு வெளியே போகும் பூனையைத் திட்டாதீர்கள். எட்ட முடியவில்லை அல்லது வலிக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கழிச்சல் ஒட்டிய பின்புறத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். நீண்ட ரோமத்தை மருத்துவமனையில் கத்தரித்துவிடச் சொல்லுங்கள். டெட்டாலும் பினாயிலும் பூனைக்கு நஞ்சு. தரையில் துடைத்தாலும் ஈரம் காயுமுன் நடந்து, பாதத்தை நக்கும். சோப்புத் தண்ணீர் போதும்.

தோலுக்கடியில் திரவம்

சிறுநீரகமும் தளர்ந்த பூனைக்கு மருத்துவர் வீட்டிலேயே ரிங்கர் லாக்டேட் ஏற்றச் சொல்லலாம். 4 கிலோ பூனைக்குப் பெரும்பாலும் ஒரு வேளைக்கு 100 மி.லி.; எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். பாட்டிலை வெந்நீரில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். தலைக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில் மாட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போல் தூக்கி, ஊசியின் சாய்வு முகம் மேலே பார்க்கும்படி செலுத்துங்கள். 18 அல்லது 20ஆம் எண் ஊசி, ஒவ்வொரு முறையும் புதிது. ரோமம் நனைந்தால் ஊசி மறுபக்கம் வெளியே வந்துவிட்டது. தேங்கிய நீர் முன்கால் பக்கம் தொங்கும், சில மணி நேரத்தில் வற்றும். மறுநாளும் அப்படியே இருந்தால் அடுத்ததை ஏற்றாமல் மருத்துவரை அழையுங்கள். டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலைத் தோலுக்கடியில் ஏற்றாதீர்கள்.

இதயக் கோளாறு உள்ள பூனைக்கு இந்தத் திரவமே மூச்சை அடைக்கும். தூங்கும்போது மூச்சை எண்ணி வையுங்கள். நிமிடத்துக்கு 30க்கு மேல் போனால் அன்றே தெரிவியுங்கள்.

கொடுக்கக் கூடாதவை, காத்திருக்கக் கூடாதவை

பாராசிட்டமால் அரை மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும். ஆஸ்பிரின், புரூஃபென், பிஸ்மத் சாலிசிலேட் கலந்த வயிற்று மருந்து எதுவும் கூடாது. லோபெரமைடை மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். வசம்பு, ஓமத் தண்ணீர், பெருங்காயம் என்று குழந்தைக்குக் கொடுப்பதைப் பூனைக்குக் கொடுப்பதும் வேண்டாம். நம் ஈரல் எளிதில் உடைக்கும் பல பொருள்களைப் பூனையின் ஈரலால் உடைக்க முடியாது.

ஒரே நாளில் நான்கைந்து முறை வாந்தி எடுத்துத் தண்ணீரும் தங்காவிட்டால், ஈறோ காது மடலின் உட்புறமோ மஞ்சளானால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், உடல் வெப்பம் 37.5 டிகிரிக்குக் கீழோ 39.5க்கு மேலோ போனால், இரவானாலும் கிளம்புங்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். மறுமுனை குடலில் மாட்டியிருந்தால் குடலை அறுத்துவிடும். நீர் வற்றியதா என்று பார்க்க வயதான பூனையின் தோலை இழுத்துப் பார்ப்பது ஏமாற்றும், தோல் தளர்ந்திருக்கும். ஈறைத் தொட்டுப் பாருங்கள். வழுக்காமல் விரலில் ஒட்டினால் நீர் வற்றியிருக்கிறது. இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் இன்றே எழுதி வையுங்கள்.

மருந்து கைகொடுக்காத கட்டம்

நோட்டு இங்கேயும் உதவும். தினமும் நான்கு கேள்வி: தானாகச் சாப்பிட்டதா, தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொண்டதா, பெட்டி வரை போனதா, வழக்கமாக உட்காரும் இடத்துக்கு வந்ததா. இரண்டு வாரத்தில் "இல்லை" நாட்கள் பாதியைத் தாண்டினால், மருந்தைக் கூட்டுவது பற்றி மட்டும் பேசாமல் வலியில்லாமல் விடைகொடுப்பது பற்றியும் மருத்துவரிடம் பேசுங்கள். நெருக்கடி நேர்ந்த இரவில் அல்லாமல், அமைதியான ஒரு பகலில் முடிவெடுப்பது பூனைக்கும் வீட்டாருக்கும் நல்லது. முதலில் மயக்க ஊசி, பூனை நன்றாகத் தூங்கிய பிறகே இரண்டாவது ஊசி என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வருவாரா என்றும் கேளுங்கள், பல மருத்துவர்கள் வருகிறார்கள். அதுவரை குமட்டல் மருந்தையும் வலி மருந்தையும் நிறுத்த வேண்டாம். உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் தளர்த்திவிடலாம்; கேட்கும் மீனைக் கொடுங்கள்.